சமையல்கார அம்மாவுக்கு இரண்டு மதிப்பெண்

அந்த மாணவி கை தூக்கினால் என் கண் கடிகாரத்துக்குப் போகும்.

மூன்றாவது வரிசையில், சன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பார். முழங்கையை மேசையில் ஊன்றியபடி ஒரு விரலை மட்டும் நிமிர்த்துவார். அவசரமே இல்லாத விரல் அது. அவசரமெல்லாம் எனக்குத்தான். பதினொன்றரைக்குள் கதைமாந்தர் வகைகளை முடிக்க வேண்டும். பதினொன்றே முக்காலுக்கு வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். பன்னிரண்டுக்கு அடுத்த வகுப்பு. ஒன்பது மாதக் குழந்தையைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்து பாடம் நடத்துகிறவளுக்கு ஒரு மணி நேரம் என்பது ஐம்பது நிமிடம்தான். மீதிப் பத்து நிமிடமும் மனசுக்குள் குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

"மேடம்."

"சொல்லுங்க."

"வெளியில ஆட்டோ நின்னுக்கினு இருக்குதே, அது இன்னா ஆச்சு?"

நான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெளியே ஆட்டோ எதுவும் இல்லை. அவர் கேட்டது கதையில் நிற்கிற ஆட்டோவை.

அன்றைக்கு நடத்திய கதையில் வீட்டைப் பாகம் பிரிக்க அண்ணன் சென்னையிலிருந்து வருகிறான். ஆட்டோக்காரரிடம், 'இருப்பா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். உள்ளே மூன்று பக்கத்துக்குச் சண்டை. கடைசியில் தம்பி அழுகிறான், அண்ணன் கட்டிக்கொள்கிறான், இருவருமாக அம்மாவின் படத்துக்கு விளக்கேற்றுகிறார்கள். கதை முடிந்துவிடுகிறது.

"ஆட்டோக்காரர் துணைமாந்தர்மா. கதைக்கு உதவிட்டு விலகிடுவாங்கன்னு இப்பதான சொன்னேன்?"

"எங்க வெலகுனாரு? வாசல்லதான் நிக்கிறாரு. அவரும் சாப்புடப் போவணும்ல?"

வகுப்பே சிரித்தது. பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "அக்கா, நீங்களே போயி கெளம்பச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ போயி சொல்லிட்டு வந்திருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்?" என்றார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார், பதிலுக்காக. நான் குறிப்பைப் புரட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

இது ஐந்து ஆண்டுக்கு முந்தைய கதை. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். பெயர்தான் கௌரவம். ஒவ்வொரு ஜூன் மாதமும் 'இந்த வருஷம் கூப்பிடுவார்களா' என்று காத்திருக்கும் வேலை. இளங்கலைத் தமிழ் முதலாண்டுக்குக் கதைத் திறனாய்வு என்றொரு தாள். அதை யாரும் எடுக்க மாட்டேன் என்றதால் என் தலையில் விழுந்தது. கதைக்கரு, கதைப்பின்னல், களம், நோக்குநிலை, முரண், உச்சம், மாந்தர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, இரண்டு எடுத்துக்காட்டு. இருபத்திரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வைத்திருந்தேன். பிள்ளைகள் அங்கே பிரதி எடுத்துக்கொள்வார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் அதை ஒரு தரம் புரட்டுவார்கள். பாதிப்பேர் தேறிவிடுவார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

அவர் ஒருவர்தான் பிரதி எடுக்கவில்லை. என் குறிப்பை இரவல் வாங்கி, ஒரு நீளநோட்டில் கையால் எழுதினார். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் எழுதியிருப்பார் போல. மலைப்பாதை வளைவுகளில் எழுத்து சரிந்து, அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வந்ததும் நேராகிவிடும்.

"எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ஜெராக்ஸ் எடுத்தா அஞ்சு நிமிஷம்" என்றேன்.

"ஜெராக்ஸ் எடுத்தா மிசினுதான மேடம் படிக்கும்? நான் எப்பப் படிக்கிறது?"

அவர் வீடு மலையில், கரியாலூருக்கும் மேலே. பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நடை. பதினெட்டு வயதில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அப்புறம் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் கல்லூரி. என்னைவிட மூன்று வயது மூத்தவர். 'நீ' என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'நீங்க' என்று சொன்னால் மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். இந்தக் குழப்பத்தில் பல நாள் அவரைக் கூப்பிடாமலே வகுப்பை ஓட்டியிருக்கிறேன். கூப்பிடாவிட்டால் மட்டும்? விரல் எழும்.

ஒரு கதையில் நாயகி ரயிலைத் தவறவிடுகிறாள். அவர் கவலை முழுக்க, அவளுக்கு இடம் பிடித்துவைத்துக்கொண்டு எதிர் சீட்டுக்காரர்களிடம் சண்டை போட்டிருக்கக்கூடிய தோழியைப் பற்றி. இன்னொன்றில் ஒரு டாக்டர் மனம் திருந்துகிறார். இவர் கேட்டது: அவர் திருந்தும்வரை வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளை யார் பார்த்தது?

"அதெல்லாம் கதைக்குத் தேவையில்லைங்க."

"தேவையில்லன்னா எதுக்கு மேடம் வரச் சொல்றாங்க? ஒரு கதைக்குள்ள ஒருத்தர் சும்மா வருவாங்களா?"

இதுதான் அவருடைய கேள்வி. எதைப் பேசினாலும் கடைசியில் இங்கே வந்து நிற்கும். ஒருத்தர் சும்மா வருவாங்களா.

எனக்கு ஆத்திரமாக வரும். பாடத்திட்டம் முடியவில்லையென்றால் கேள்வி எனக்குத்தான் வரும். அவருக்கு என்ன? ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாதம் வடிக்கும்போது, 'வாசல்லதான் நிக்கிறாரு' என்பது ஞாபகத்துக்கு வரும். நான் சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேனா? துணைமாந்தருக்கான வரையறையை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தேன்? எடுத்தேனா, நானே எழுதினேனா? கஞ்சி கொதித்து அடுப்பில் வழிந்த பிறகுதான் நினைவு திரும்பும்.

நோக்குநிலை நடத்திய நாளை மறக்கவே முடியாது. 'படர்க்கை நோக்குநிலையில் கதைசொல்லி எல்லாம் அறிந்தவர். எல்லா மாந்தரின் மனமும் அவருக்குத் தெரியும்' என்று சொல்லி, ஒரு மலைக் கிராமத்துக் கதையை எடுத்துக்கொண்டேன். மலைப்பிள்ளைகள் நாலைந்து பேர் வகுப்பில் இருந்ததால் அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். 'மலை பேரமைதியில் ஆழ்ந்திருந்தது' என்று கதை தொடங்கும்.

முதல் வரியிலேயே விரல்.

"மலையில ஏது மேடம் அமைதி?"

"கதையில அப்படி இருக்கு."

"காலையில எந்திரிச்சா ஒருத்தரை ஒருத்தர் கூப்புட்டுக் கத்துறதுதான் எங்க ஊரு. இந்தக் கொல்லையில இருந்து அந்தக் கொல்லைக்குக் கத்துவோம். நாயி, ஆடு, கோழி, எங்க மாமியாரு. அமைதியா இருக்குன்னு சொல்றது யாரு தெரியுமா? ஞாயித்துக்கெழமை ஃபால்ஸ் பாக்க வர்றவங்க. 'ஆஹா, இன்னா அமைதி'ன்னுட்டு பாட்டு போடுவாங்க." வகுப்பு சிரிக்கச் சிரிக்க அவர் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்போ இந்தக் கதையைச் சொல்றவரு டூரிஸ்ட்டுதான். எல்லாம் தெரிஞ்சவரு இல்ல. நீங்க தப்பா எழுதிக்குடுத்திருக்கீங்க."

நான் கரும்பலகையில் எழுதியிருந்த 'எல்லாம் அறிந்த' என்பதைப் பார்த்தேன். அழிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "பரீட்சைக்கு எல்லாம் அறிந்தவர்னே எழுதுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவருக்கும் எனக்கும் குழந்தை விஷயத்திலும் ஒத்துப்போகாது. இடைவேளையில் நான் வராந்தாவில் நின்று, "பால் குடிச்சாளாக்கா? முழுசாக் குடிச்சாளா? தும்மினாளா? எத்தனை தரம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சுவரில் சாய்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருப்பார். போனை வைத்ததும் சொல்வார்: "நீங்க போனு பண்ணா மட்டும் தும்மாம இருக்குமா மேடம்?"

"உங்களுக்குக் கவலையே இல்லையா? ரெண்டு பிள்ளைங்களை விட்டுட்டு வர்றீங்க."

"இருக்குது. அதுக்குன்னு நேரம் வெச்சிருக்கேன். பஸ்ஸு மலை ஏறும்போது பட்டுக்குவேன்."

அப்படியொரு வராந்தா நேரத்தில்தான், கேட்காமலே, தன் நிபந்தனையையும் சொன்னார். ஊர்ச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார். சாமை அறுக்க, களை எடுக்க ஓர் ஆள் குறைகிறது என்று மாமியாருக்கு வருத்தம். கணவர் நடுவில் மாட்டிக்கொண்டார். கடைசியில் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள்: படிக்கலாம். ஆனால் ஒரு தாளில் அரியர் விழுந்தாலும் அன்றோடு நிறுத்திவிட்டுக் கொல்லைக்காட்டு வேலைக்கு வந்துவிட வேண்டும்.

"ஒரு அரியருக்கா? இது அநியாயமில்லையா?" என்றேன்.

"எங்க மாமியாரு கேக்குறதுலயும் ஞாயம் இருக்குது மேடம். அவங்களுக்கு முட்டி வலி. நான் இங்க உக்காந்து ஆட்டோவைப் பத்திப் பேசிக்கினு இருந்தா, அங்க அவங்க குனிஞ்சிக்கினு இருப்பாங்க."

அவருக்குத் தன் மாமியாரிடமும் துணைமாந்தர் கரிசனம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்போது அந்த அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு வருகிறேன். இருபத்தைந்து மதிப்பெண்ணில் பத்து வாங்கினால்தான் பருவத்தேர்வை எழுத விடுவார்கள். இல்லாவிட்டால் அந்தத் தாள் அரியர். இதற்குக் கேள்வித்தாள் எடுக்கும் பொறுப்பும் எனக்கு வந்தது. பிள்ளைகள் இதுவரை படிக்காத ஒரு சிறிய கதையைக் கொடுத்து, அதன் தலைமை மாந்தரின் பண்புநலன்களை ஆராயச் சொல்லும் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. தேடிப் பார்த்தேன், பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை. என் கணவருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவைக் காலம், ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட். யாரிடமும் கேட்கவும் வழியில்லை. குழந்தையின் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே நானே ஒரு கதையை எழுதிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கதை இதுதான். ஓர் ஊரில் வீம்புக்காரப் பெரியவர். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. மகள் கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டு, "நான் பத்திரிகை வைக்காத எவனும் என் பந்தியில உக்காரக் கூடாது. மீறி இலை போட்டா இனி இந்த ஊர்ல உனக்கு அடுப்பு இல்ல" என்கிறார். அவள் சரி என்று தலையாட்டுகிறாள். முகூர்த்தம் முடிந்ததும் பந்தலுக்கு வெளியே அண்ணன் வந்து நிற்கிறார். ஊரே பார்க்கிறது. பெரியவர் அசையவில்லை. சமையல்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய், அண்ணனைக் கூட்டிவந்து முதல் பந்தியில் உட்காரவைத்து இலை போடுகிறாள். பெரியவர் வந்து, ஒன்றும் பேசாமல், அண்ணனின் இலையருகே நிற்கிறார். அவ்வளவுதான்.

தலைமை மாந்தர் பெரியவர். வீம்பு, தன்மானம், உள்ளே மறைந்திருக்கும் பாசம், மனமாற்றம். நான்கு துணைத்தலைப்புகள், பத்து மதிப்பெண். சமையல்கார அம்மாவைப் பற்றி நான்கு வாக்கியம் இருக்கும். அண்ணனைப் பந்தலுக்குள் கொண்டுவர ஒரு வழி வேண்டியிருந்தது, அதற்காக அவளைப் போட்டேன்.

நாற்பது பேர் பெரியவரைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் நான்கு பக்கத்துக்குச் சமையல்கார அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். எழுத்து நேராக இருந்தது, சரியவே இல்லை.

முதலில் பூஜ்யம் போட்டேன். பிறகு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாரே என்று இரண்டு போட்டேன். மற்றக் கேள்விகளில் வாங்கிய ஆறோடு கூட்டினால் எட்டு. தேறவில்லை. அரியர் என்று தெரிந்துதான் போட்டேன். தெரிந்து போட்டேன் என்பதாலேயே நான் நேர்மையாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: 'இந்தக் கதையை எழுதியவருக்குச் சமையல்கார அம்மாவைப் பற்றி அதிகம் தெரியவில்லை.' அதன் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.

தாளைக் கொடுத்த அன்று மதியம் ஆசிரியர் அறைக்கு வந்தார். அழுவார் என்று நினைத்துப் பையில் கைக்குட்டை இருக்கிறதா என்று பார்த்துவைத்திருந்தேன். அவர் கையில் தாளும் நீளநோட்டும் இருந்தன.

"மேடம், இதுல எது தப்பு?"

"தலைமை மாந்தரைப் பத்திக் கேட்டிருந்தேன். நீங்க சமையல்காரம்மாவைப் பத்தி எழுதியிருக்கீங்க."

"அவங்கதான் மேடம் தலைமை."

"இல்லை. பெரியவர்தான்."

"யாரு சொன்னது?"

நாள் முழுக்க அடக்கியது வெடித்துவிட்டது. "நான் சொல்றேன்! அந்தக் கதையை எழுதினதே நான்தான்! எனக்குத் தெரியாதா யாரு தலைமை மாந்தர்னு?"

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியரின் பேனா நின்றது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா? அப்போ சரி."

"என்ன சரி?"

"கல்யாண வூட்டுல சமையக்கட்டுப் பக்கம் நீங்க போனதே இல்ல. ஐந்நூறு பேருக்கு அடுப்பு எரியும்போது கையைத் தொடச்சிக்கினு ஒருத்தி வெளிய வர்றான்னா, அவ எவ்ளோ யோசிச்சிருக்கணும்? பருப்பு அடி புடிக்கும்ல?"

"இங்க பாருங்க..."

அவர் நோட்டைப் பிரித்து என் மேசைமேல் வைத்தார். என் வரையறை, அவர் கையெழுத்தில். விரலை வைத்து வாசித்தார்: "'தலைமை மாந்தர் என்பவர் கதையின் முரணை நேரில் எதிர்கொள்பவர். கதைப்போக்கில் மாற்றம் பெறுபவர். கதையின் முடிவு அவர் செயலால் அமையும்.' நீங்க எழுதிக் குடுத்ததுதான மேடம்? பெரியவரு இன்னா செஞ்சாரு? மொதல்லயும் நின்னாரு, கடைசியிலயும் நின்னாரு. மாறுனது யாரு? சரின்னு தலையாட்டிட்டு அப்புறம் இலை போட்டது யாரு? அடுப்பு போனாப் போவுதுன்னு முடிவு பண்ணது யாரு?"

"மணி மூணாகுது. பஸ்ஸுக்குப் போங்க" என்றேன்.

போனார். வாசலில் நின்று திரும்பி, "அரியரு விழுந்தாலும் பரவால்ல மேடம். எது தப்புன்னு மட்டும் தெரியணும்" என்றார். பரவாயில்லை என்று சொன்னவர், நோட்டை அணைத்துக்கொண்டு, கல்லூரி வாசலுக்கு எதிர்ப்பக்கமாக நடந்துபோய்ப் பிறகு திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலம் முழுக்க என் கதையை நானே படித்தேன். குழந்தை தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெரியவர் மனம் மாறியதாக எங்கே எழுதியிருக்கிறேன்? எங்கேயும் இல்லை. 'ஒன்றும் பேசாமல் நிற்கிறார்' என்று மட்டும்தான். மாறிவிட்டார் என்பது என் மனசில் இருந்தது, தாளில் இல்லை. நான்கு பக்கம் எழுதியவருக்கு மதிப்பெண் போடலாமா? போட்டால் இரக்கத்தில் போடுகிறேனோ? அவர் படிப்பு நின்றுவிடுமே என்று போடுகிறேனா, அவர் எழுதியது சரி என்று போடுகிறேனா? இரக்கம் என்றால் அது தப்பு. சரி என்றால், திருத்தும்போது ஏன் எனக்குத் தெரியவில்லை? அவர் வீட்டு நிபந்தனை எனக்குத் தெரியாமலே இருந்திருந்தால் இந்தத் தாளை இரண்டாவது தரம் பிரித்திருப்பேனா?

போட்ட மதிப்பெண்ணை மாற்ற வேண்டுமென்றால் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். மறுநாள் காலையில் அவர் முன்னால் போய் நின்றேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். ஜூன் மாதம் என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதும் அவர் கையில்தான்.

"இன்னாம்மா விளையாட்டா? கதையை எழுதுனது நீ. கேள்வி கேட்டது நீ. தலைமை மாந்தர் யாருன்னு மட்டும் உனக்குத் தெரியாதா?"

"எழுதும்போது தெரிஞ்சுதுங்க சார். இப்ப தெரியலை."

"மத்த நாப்பது பேரும் பெரியவர்னு எழுதியிருக்காங்களே, அதெல்லாம் தப்பா?"

"தப்பில்லைங்க சார். அவங்களும் காரணம் சொல்லியிருக்காங்க."

"ரெண்டும் எப்படிம்மா சரியாவும்?"

முரண் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். பெரியவருக்குள் இருப்பதாக நான் நினைத்தேன். ஆனால் கதையில் ஒருவர் வாய்விட்டு மிரட்டுகிறார், இன்னொருவர் அந்த மிரட்டலை ஏற்று, பிறகு மீறுகிறார். உச்சம், இலை போடும் இடம். அந்த இடத்தில் செயல் யாருடையது? பேசப் பேச, வகுப்பில் இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட சொற்களை அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறேன் என்று தோன்றியது. மனப்பாடமாக இருந்தவை கைக்கு வந்ததும் கனமாக இருந்தன.

அவர் தாளை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார். கடைசிப் பக்கத்தில் என் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"'எழுதியவருக்கு அதிகம் தெரியவில்லை.' இதுக்குத்தான் ரெண்டு போட்டியா?"

இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"எட்டு போடு. பத்துல எழுத்துப்பிழைக்கு ரெண்டு போவட்டும்." கையெழுத்துப் போட்டார். "இன்னொண்ணு. அடுத்த தரம் கதையை வேற யாராச்சும் எழுதட்டும்."

எட்டும் மற்றதில் வாங்கிய ஆறும் பதினான்கு. தேறிவிட்டார். மதியம் வகுப்பு முடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். நான் ஓடி அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததால் பஸ் தாமதம். அவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு வகுப்பில் விரல் தூக்கவே இல்லை.

தாளை நீட்டினேன். "பாஸ்" என்றேன்.

வாங்கிப் பார்த்தார். மடித்தார். மறுபடி விரித்துப் பார்த்தார். ஒரு நிமிடம் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். டிராக்டர் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நன்றி வரும், நான் 'பரவாயில்லைங்க, நீங்க எழுதினதுதான் சரி' என்று சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

திரும்பினார். "எட்டா? ரெண்டு எங்க போச்சு?"

"எழுத்துப்பிழை."

"அது சரி" என்றார். பிறகு, "நான் நேத்தே சொன்னேன்ல மேடம்?"

அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில், தாளைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் முண்டி ஏறி, எங்கேயோ ஒரு சன்னலைப் பிடித்து, தலையை வெளியே நீட்டினார்.

"மேடம்! ஆறாம் பக்கத்துலயும் ஒண்ணு தப்பா இருக்குது! நாளைக்குச் சொல்றேன்!"

பஸ் போய்விட்டது.

நாளைவரைக்கும் யாரால் பொறுக்க முடியும்? ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போய், குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, கைகால்கூடக் கழுவாமல் குறிப்பின் ஆறாம் பக்கத்தை எடுத்தேன். மூன்று முறை படித்தேன். ஒரு தப்பும் இல்லை. வேண்டுமென்றே என்னை அலையவிடுகிறார் என்று வாய்விட்டுத் திட்டினேன். குழந்தை என் வாயையே பார்த்தது.

நான்காவது முறை தெரிந்தது. 'நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் அடுக்குவது கதைப்பின்னல்' என்று எழுதியிருந்தேன். வரிசையாக அடுக்கினால் அது வெறும் கதை. ஒன்றால் இன்னொன்று நடப்பதுதான் பின்னல். மூன்று வருடமாக, மூன்று வகுப்புக்கு, அதை அப்படியே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிவப்புப் பேனாவைத் தேடினேன்.